டீசல் லைன் லீக்: சொட்டுவதும் சொட்டாததும்

மண்டபத்திலோ பாம்பனிலோ மீன் ஏற்ற வந்த லாரி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். பேட்டரி டவுன் என்பார் ஒருவர், பம்ப் போச்சு என்பார் இன்னொருவர், கொஞ்சம் விவரமானவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு "டீசல் லீக்கு இருக்கும்பா, எல்லா நட்டையும் நல்லா இறுக்கு" என்பார். டிரைவர் பாவம், "எங்கயும் சொட்டலையேண்ணே, தரை காஞ்சு கிடக்குதே" என்று முழிப்பார். அப்புறம் பம்ப்பைக் கழற்றி ராமநாதபுரத்துக்கு அனுப்பி, ஆயிரக்கணக்கில் செலவழித்துத் திரும்ப மாட்டினால், மறுநாள் காலையும் அதே கதை.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு கோளாறுகளை எல்லாம் "டீசல் லீக்" என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் வருகிற லீக் ஓடும்போது சொட்டவே சொட்டாது. ஃபில்டர் பக்கம் வருகிற லீக் சொட்டும், ஆனால் இறுக்க இறுக்க மோசமாகும். இன்ஜின் தலைக்குப் போகிற இரும்புக் குழாயில் வருகிற லீக்கோ ஆளையே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். லீக் எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து அதன் குணமும் மாறும், வைத்தியமும் மாறும். இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது அவ்வளவுதான்.

மெக்கானிக் வேலை தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், விசைப்படகில் இன்ஜின் பார்க்கிற பையன்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். படகு இன்ஜினிலும் டீசல் போகிற வழி கிட்டத்தட்ட இதேதான்.

## அடிகுழாயில் காற்று புகுந்தால்

பழைய அடிகுழாய் இன்னும் சில வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. நாலு நாள் அடிக்காமல் விட்டுவிட்டால், கைப்பிடியைப் பிடித்து எவ்வளவு அடித்தாலும் கொர் கொர் என்ற சத்தம்தான் வரும். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி விடாமல் அடித்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறிவிடும்.

அடிகுழாய் தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். நடப்பது கொஞ்சம் வேறு. கைப்பிடியை அடிக்கும்போது குழாய்க்குள் இருக்கிற காற்று வெளியேறி அழுத்தம் குறைகிறது, வெளியே காற்றுமண்டலம் எப்போதும் போல அழுத்திக்கொண்டே இருக்கிறது, அந்த வெளி அழுத்தம்தான் நிலத்தடித் தண்ணீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. காற்றுமண்டலத்தின் அழுத்தம் சுமார் 1 பார். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு, லாரி டயரில் 7, 8 பார் காற்று இருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு அளவு பிடிபடும். அந்த 1 பார் எவ்வளவுதான் முயன்றாலும் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்காது, அதனால்தான் ஆழமான கிணற்றுக்கு இந்த வகை அடிகுழாய் உதவாது.

இப்போது அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் அடிக்கும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்காது. குழாய்க்குள் அழுத்தம் குறைவு, வெளியே அதிகம், ஆக வெளிக்காற்றுதான் உள்ளே ஓடும். தண்ணீரை மேலே தள்ளுவதைவிடக் காற்று உள்ளே நுழைவது சுலபம், எனவே தண்ணீர் ஏறாது. குழாயின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்தால் ஈரமே இருக்காது.

லாரியின் டீசல் லைனில் முதல் பகுதி அப்படியே இந்த அடிகுழாய்தான்.

## டேங்க் முதல் நாசில் வரை

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போல ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிற அழுத்தத்தில் அந்தக் காற்று கொதித்துக் கிடக்கும், அந்த நேரம் பார்த்து டீசலைப் பனிப்புகை போலத் தூவினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்படித் தூவ வேண்டுமென்றால் பயங்கரமான அழுத்தம் வேண்டும். டேங்க்கில் சும்மா கிடக்கிற டீசலை அந்த அழுத்தம் வரைக்கும் படிப்படியாகக் கொண்டுபோவதுதான் டீசல் லைனின் வேலை.

டேங்க்கிலிருந்து டீசலை வரவழைக்க ஒரு சின்ன பம்ப் உண்டு, ஃபீட் பம்ப் என்பார்கள். பழைய லாரிகளில் இது இன்ஜின் பக்கத்தில், டீசலுக்கு உயர் அழுத்தம் கொடுக்கிற பெரிய பம்ப்பின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே கையால் குத்துகிற ஒரு குமிழும் இருக்கும். டேங்க்கிலிருந்து இது வரைக்கும் உள்ள குழாய் உறிஞ்சும் பகுதி. ஃபீட் பம்ப் டீசலை ஃபில்டர் வழியாகத் தள்ளிப் பெரிய பம்ப்புக்குக் கொடுக்கும், இந்த இடைப்பகுதியில் அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான், வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். பெரிய பம்ப்பிலிருந்து தடித்த இரும்புக் குழாய் வழியாக நாசிலுக்குப் போகிறதே, அதுதான் உயர் அழுத்தப் பகுதி. நாசில் என்பது டீசலைத் தூவுகிற முனை. பழைய வகை இன்ஜினில் நாசில் திறக்கவே 200 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். இப்போது வருகிற காமன் ரெயில் வண்டிகளில், அதாவது எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் டீசலை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கிற வண்டிகளில், அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும்.

மிச்சப்பட்ட டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்கே திரும்பிவிடும்.

சரி, இதுவரை பார்த்தது: உறிஞ்சும் பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, நடுப்பகுதியில் கொஞ்சம் அதிகம், கடைசிப் பகுதியில் மிக மிக அதிகம். ஓட்டை விழுந்தால் முதல் பகுதியில் காற்று உள்ளே போகும், மற்ற இரண்டிலும் டீசல் வெளியே வரும். (சில புதிய வண்டிகளில் டேங்க்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கும், அதில் டேங்க்கிலிருந்தே டீசலைத் தள்ளிவிடுவதால் உறிஞ்சும் பகுதி என்று ஒன்று இருக்காது. உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.)

## சொட்டாத லீக்

டீசல் லைனுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்வதைத்தான் ஏர் லாக் என்கிறோம். கொஞ்சம் காற்று போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகத்தான் செய்கிறது. டீசலை அழுத்தினால் அது அவ்வளவாகச் சுருங்காது, அதனால் பெரிய பம்ப்புக்குள் இருக்கும் தண்டு சின்னதாக ஒரு தள்ளு தள்ளினாலே அழுத்தம் சட்டென்று எகிறி நாசில் திறந்துகொள்கிறது. காற்று அப்படி இல்லை, அமுக்கினால் அமுங்கும், விட்டால் விரியும். பம்ப் தண்டின் தள்ளு முழுவதும் அந்தக் காற்றுக் குமிழை நசுக்குவதிலேயே வீணாகிவிடும், நாசில் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறவே ஏறாது. பம்ப் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழி அதன் தலையில்தான் விழும்.

அறிகுறிகளைக் கேட்டாலே இந்த லீக்கை ஓரளவு பிடித்துவிடலாம். இரவில் நிறுத்தி காலையில் எடுத்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், கைக்குமிழைக் குத்தினால் ஸ்டார்ட் ஆகிவிடும், ஒருமுறை ஆகிவிட்டால் பகலெல்லாம் சமாளித்து ஓடும். நின்ற இடத்தில் இன்ஜின் சத்தம் ஏறி இறங்கும். லோடோடு மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். எல்லாவற்றையும்விட நல்ல தடயம் ஒன்று உண்டு: டேங்க் நிறைய இருந்தால் தொல்லை இல்லை, பாதிக்குக் கீழே இறங்கினதும் ஆரம்பிக்கிறது என்றால் உறிஞ்சும் பகுதியைச் சந்தேகப்படுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் மட்டம் அந்த ஓட்டைக்கு மேலே நிற்கும், காற்று புக இடமிருக்காது. மட்டம் இறங்கினதும் ராத்திரி முழுக்க அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைய, லைனில் நின்ற டீசல் மெதுவாக டேங்க்குக்கே திரும்பிவிடும். அப்படிப்பட்ட வண்டி டேங்க் நிரம்பிய நிலையில் நின்றால் அதே இடத்தில் லேசாகச் சொட்டவும் செய்யும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் சொட்டுவது நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்கு அது மாயமாகத் தெரியும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரத்தில் இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் கூட்டம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் லாரிகள் பலவும் சும்மா நிற்கும். தினமும் ஓடுகிற வண்டியில் பொருட்படுத்தாத அளவுக்கு இருக்கிற சின்ன ஓட்டைகூட அத்தனை நாள் நின்றால் லைனை முழுசாகக் காலி செய்துவிடும். படகு இன்ஜினுக்கும் அதே கதிதான்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஊர் வழக்கமான ஒரு சோதனை இருக்கிறது, அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஃபீட் பம்ப்புக்கு வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் புது டீசல் ஹோஸ் ஒரு துண்டை மாட்டி, மறுமுனையைச் சுத்தமான டீசல் உள்ள கேனில் விடுங்கள். காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படியும் தொல்லை என்றால் குற்றம் பம்ப் பக்கம். வண்டி அலுங்காமல் ஓடினால் குற்றம் டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில், பம்ப்பைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை. கேன் வைத்துப் பார்க்கிற இந்தச் சோதனைக்கு ஆகிற செலவு ஒரு முழம் ஹோஸ்தான், ஆனால் இதைச் செய்யாமல் பம்ப்பைக் கழற்றுகிறவர்கள்தான் அதிகம். அடுத்த கட்டமாக, கண்ணாடி போலத் தெரிகிற ஹோஸ் துண்டை லைனில் இடையே மாட்டி ஓடவிட்டுப் பார்த்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ்கள் வரிசையாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். துண்டை ஒவ்வொரு இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இணைப்பைத் தாண்டினதும் குமிழ் மறைகிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு குறிப்பு: இன்ஜின் ஓடும்போது உறிஞ்சும் பகுதியில் சோப்புத் தண்ணீர் தடவிப் பிரயோசனமில்லை, நுரை வெளியே வராது, உள்ளேதான் போகும். சந்தேகப்படுகிற இணைப்பின் மேல் கெட்டியாகக் கிரீஸ் அப்பிப் பாருங்கள், தொல்லை கொஞ்சம் அடங்கினால் விடை கிடைத்துவிட்டது.

டேங்க் வாயில் கம்ப்ரஸர் காற்றை அடித்து லீக் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது. டேங்க் அந்த அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதில்லை.

டேங்க் மூடியில் காற்று புகுவதற்கு ஒரு துளை உண்டு, அது அடைத்துக்கொண்டாலும் இதே போன்ற அறிகுறி வரும். வண்டி திணறும்போது மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று உள்ளே இழுபட்டு, வண்டியும் சரியாகிவிட்டால், லீக்கைத் தேட வேண்டாம், மூடியைச் சுத்தம் செய்தால் போதும்.

## காற்றை எடுப்பது

எந்த இணைப்பைத் திறந்து மூடினாலும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றித்தான் ஆக வேண்டும், இதைத்தான் ஏர் எடுப்பது என்கிறார்கள். அடிகுழாயில் சொம்புத் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான் இது. ஃபில்டர் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைக்குமிழைக் குத்திக்கொண்டே இருந்தால் முதலில் காற்று வரும், அப்புறம் நுரை, அப்புறம் நுரை இல்லாத டீசல். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். குத்துவதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்பவும் ஒரு மடக்கு உள்ளே போய்விடும். பிறகு பெரிய பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதையே செய்ய வேண்டும்.

செல்ஃபை அடித்தே காற்றைத் தள்ளிவிடலாம் என்று விடாமல் அடித்தால் பேட்டரியும் போகும், செல்ஃப் மோட்டாரும் போகும். ஒரு தடவைக்கு 10, 15 விநாடி போதும், நடுவே ஆறவிடுங்கள்.

## இறுக்கினால் நிற்காத லீக்

ஃபில்டர் பக்கம் வருகிற லீக்கைக் கண்ணால் பார்க்கலாம், அதனால்தான் எல்லாரும் இதிலேயே ஸ்பானரோடு விளையாடுகிறார்கள். இங்கே பெரும்பாலும் பேஞ்சோ போல்ட் என்கிற இணைப்பு இருக்கும். குழாயின் முனையில் மோதிரம் போல ஒரு வளையம், அதன் நடுவே நுழைகிற, உள்ளே துளை போட்ட ஒரு போல்ட். டீசல் அந்த போல்ட்டின் வயிற்றுக்குள்ளேயே போய் வரும். மோதிரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு காப்பர் வாஷர் இருக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றை மட்டும் போடுகிறவர்களும் உண்டு, அது முதல் நாளே சொட்டும்.

மரை இறுகினால் கசிவு நிற்கும் என்பது பொதுவான நினைப்பு. இந்த இணைப்பில் மரைக்கு டீசலைத் தடுக்கிற வேலையே இல்லை, வாஷரை அழுத்திப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. தடுப்பது வாஷர். காப்பர் மெத்தென்ற உலோகம், நசுங்கும்போது எதிரே உள்ள இரும்பின் கண்ணுக்குத் தெரியாத கோடுகளுக்குள் எல்லாம் போய் நிரப்பிக்கொள்ளும். ஆனால் ஒருமுறை நசுங்கின காப்பர் கெட்டிப்பட்டுவிடும், ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தின கம்பி விறைத்துப்போவது இதனால்தான். அப்படிக் கெட்டியான பழைய வாஷரைத் திரும்பப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் அது இரண்டாவது முறை இணங்கிக் கொடுக்காது. அழுத்தம் முழுக்க, உள்ளே துளை உள்ள அந்த போல்ட்டின் மேல் போய், அது முறுக்கிக்கொண்டு உடையும். இல்லையென்றால் ஃபில்டர் தலை அலுமினியம் என்பதால் அதன் மரை உரிந்துவிடும். சில்லறைக் காசு வாஷருக்குப் பதிலாக ஃபில்டர் தலையையே மாற்ற வேண்டி வரும்.

கழற்றின வாஷரைத் தூக்கி எறிவதற்கு முன்னால் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அதன் முகத்தில் பளபளவென்று ஒரு வட்டம் பதிந்திருக்கும். அந்த வட்டம் எங்கேயும் அறுபடாமல் முழுசாக இருந்தால் அந்தப் பக்கம் நன்றாக உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். ஒரு இடத்தில் மட்டும் மங்கியோ, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு ஒரு கீறல் குறுக்கே ஓடியோ இருந்தால் டீசல் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. வட்டத்தோடு சேர்ந்து சுற்றி ஓடுகிற கீறல் அவ்வளவாகப் பாதிக்காது, குறுக்கே ஓடுகிற கீறல் மயிரிழை அளவு இருந்தாலும் கசியும். வாஷரில் கீறல் இருந்தால் அது உட்கார்ந்த இரும்பு முகத்திலும் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் தட்டுப்பட்டால் புது வாஷர் போட்டும் தீராது, முகத்தைச் சமன்படுத்தத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, புது வாஷர் கிடைக்காது என்றால் பழையதையே அடுப்பிலோ டார்ச்சிலோ மங்கலான சிவப்பு வருகிற வரைக்கும் சூடாக்கி ஆறவிட்டால் காப்பர் மறுபடியும் மெத்தென்று ஆகிவிடும். மேலே படிகிற கருப்பை நைஸான எமரித் தாளால் துடைத்துவிட்டுப் போடலாம். இதை வண்டியிலிருந்து, டீசல் ஈரத்திலிருந்து தள்ளி வந்து செய்யுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்சீல் அப்புவது, இரண்டும் இங்கே வேண்டாம். பைப் வேலையில் டேப் உதவுகிறது, ஏனென்றால் அங்கே மரையேதான் தண்ணீரைத் தடுக்கிறது. பேஞ்சோ போல்ட்டில் டேப்புக்கு வேலையில்லை, அதன் கிழிசல் டீசலோடு கிளம்பிப் போய் எங்கேயாவது அடைத்துக்கொள்ளும். எம்சீல் அப்பின இணைப்பை அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார்.

ரப்பர் ஹோஸ் இருக்கிற இடங்களில் கதை சுருக்கம். டீசலுக்கென்று விற்கிற ஹோஸையே வாங்குங்கள், தண்ணீர் டியூப் டீசலில் ஊறி உப்பிப்போகும் அல்லது விறைத்துப்போகும். கட்டுக்கம்பியால் கட்டுவதற்குப் பதிலாக ஹோஸ் கிளிப் போடுங்கள், கம்பி ஒரே கோட்டில் அழுத்தி ரப்பரை அறுத்துவிடும்.

மறுபடி ஒருமுறை: நடுப்பகுதி லீக்கில் ஸ்பானரை மட்டும் நம்பாதீர்கள். லேசாகத் தளர்ந்திருந்தால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், அப்படியும் ஈரம் வந்தால் கழற்றி வாஷரைப் பாருங்கள்.

## கையை வைக்கக் கூடாத இடம்

உயர் அழுத்தக் குழாயில் சமாச்சாரமே வேறு. இங்கே வாஷர் கிடையாது. குழாயின் முனை கூம்பு மாதிரி இருக்கும், அது எதிரே உள்ள பள்ளத்தில் போய் உட்காரும், மேலே உள்ள நட்டு அதை அழுத்திப் பிடிக்கும், இரும்போடு இரும்பு உட்காருவதே தடுப்பு. அதிகமாக இறுக்கினால் கூம்பு நசுங்கி, பிறகு எந்தக் காலத்திலும் சரியாக உட்காராது. குழாயை மாட்டும்போது இரண்டு முனையையும் கையாலேயே சில மரை ஏற்றிவிட்டு, குழாய் இழுபறி இல்லாமல் நேராக நிற்கிறது என்று பார்த்த பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்புகளைத் திரும்ப மாட்டாமல் விடுகிற பழக்கம் ரொம்பவே பரவியிருக்கிறது. அந்தக் கிளிப்புதான் அதிர்வை அடக்குகிறது, அது இல்லாவிட்டால் கூம்புக்குப் பக்கத்தில் குழாய் விரிசல் விடும். விரிசல் விட்ட குழாயைப் பற்றவைக்கிற யோசனையே வேண்டாம், மாற்றத்தான் வேண்டும்.

ஆபத்து எங்கே என்றால், இந்த லீக் சொட்டாமல் ஊசி போலப் பீய்ச்சும். பல நேரம் கண்ணுக்குத் தெரியாது, லேசான புகை மாதிரி இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று விரலை ஓட்டிப் பார்த்தால், அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும். வெளியே பார்த்தால் குண்டூசி குத்தின அடையாளம்தான் தெரியும், ஆரம்பத்தில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் வீங்கி, உள்ளே சதை கெட ஆரம்பித்து, விரலை எடுக்க வேண்டிய நிலைக்குக்கூடப் போகலாம். அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சள் தடவிக் கட்டுப் போட்டு உட்காராதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தில் இருந்த டீசல் தோலுக்குள் ஏறிவிட்டது" என்று அந்த வார்த்தையாலேயே சொல்லுங்கள். சின்னக் காயம்தானே என்று யாரும் திருப்பி அனுப்பிவிடாமல் இருக்க அது முக்கியம்.

லீக்கைத் தேட வேண்டுமென்றால் ஒரு அட்டைத் துண்டைத் தள்ளி நின்று நீட்டுங்கள், ஈரப்புள்ளி விழுகிற இடம் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் ஏர் எடுக்க நாசில் பக்க நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கிற பழக்கம் உண்டு, அதே பழக்கத்தைக் காமன் ரெயில் வண்டியில் காட்டக் கூடாது. அந்த வண்டியில் இன்ஜினை நிறுத்தின பிறகும் குழாயில் அழுத்தம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதன் உயர் அழுத்த இணைப்புகளை வழியில் திறக்காமல் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

## உப்பு செய்கிற வேலை

இதே லாரி மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஓடினால் வருகிற லீக்கைவிட நம் கரையோரம் ஓடுகிற வண்டிக்குச் சீக்கிரம் வரும். உலோகம் எப்படித் துருப்பிடிக்கிறது என்று சோதிக்கக் காரைக்குடியில் உள்ள செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் முகாமில் தனியாக ஒரு நிலையமே வைத்தது என்றால் நம் காற்றின் யோக்கியதையைப் புரிந்துகொள்ளலாம்.

உப்புக்கு ஒரு குணம், காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். அதாவது மழையே பெய்யாவிட்டாலும், உப்புப் படிந்த குழாய் இரவில் நனைந்துதான் கிடக்கும், பகலில் காயும், மறுபடி நனையும். மீன் லாரி என்றால் கேட்கவே வேண்டாம், ஐஸ் உருகி மீன் ரத்தமும் உப்பும் கலந்த தண்ணீர் வழி முழுக்க சேஸிஸ் மேல் வடிந்துகொண்டே வரும். வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றுகிற வண்டிகளுக்கும் இதே தலையெழுத்து.

குழாய் நடுவில் பளிச்சென்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். குழாயைச் சேஸிஸோடு பிடித்திருக்கிற கிளிப்பைக் கழற்றி, அதன் அடியில் பாருங்கள். அங்கே புகுந்த உப்புத் தண்ணீர் காய வழியில்லாமல் மாதக்கணக்கில் தேங்கியிருக்கும், இரும்பு இலை இலையாக உரிந்து வரும், ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகச் சுரண்டினால் ஊசித் துளை தெரியும். உறிஞ்சும் பகுதியில் வருகிற சொட்டாத லீக்கில் கணிசமானவை இந்தக் கிளிப்புக்கு அடியில்தான் ஒளிந்திருக்கின்றன. கழுவினால் நல்லது என்று சொல்லலாம், ஆனால் குடிக்கவே காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிற ஊரில் லாரிக்கு நல்ல தண்ணீர் எங்கே போவது, போர் தண்ணீரில் கழுவினால் அதிலும் உப்பு. ஆக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளிப்புகளைத் திறந்து, துடைத்து, கிரீஸ் பூசி மாட்டுவதுதான் நடக்கக்கூடிய காரியம். துருப்பிடித்த துண்டை வெட்டிவிட்டுப் பிளம்பிங் கடையில் கிடைக்கிற ஜிஐ குழாயையோ இணைப்பையோ வைக்காதீர்கள், அதன் மேல் பூசியிருக்கிற துத்தநாகம் டீசலில் கரைந்து போய் நாசிலில் படியும்.

தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் நின்றுவிட்டால் இன்னொரு எதிரி மணல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்த வெளியில் டீசல் லைனைத் திறப்பது கண்ணைத் திறந்துகொண்டு புழுதியில் நிற்கிற மாதிரி. பம்ப்புக்குள் இருக்கிற இடைவெளிகள் தலைமுடியின் தடிமனைவிட மிகவும் குறைவு, ஒரு மணல் துகள் போதும். காற்று மறைவில் நிறுத்துங்கள், இணைப்பைத் திறப்பதற்கு முன்பே சுற்றிலும் துடையுங்கள், திறந்த முனையைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடிக் கட்டுங்கள்.

## சரிசெய்த பிறகு

ரிட்டர்ன் லைனில் அழுத்தம் குறைவு, அங்கே வருகிற கசிவு பெரும்பாலும் விறைத்துப்போன ரப்பர் குழாய்தான், மாற்றினால் தீரும். ஆனாலும் அது சூடான இன்ஜின் மேல் சொட்டுகிற இடத்தில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், டர்போவும் சைலன்சர் குழாயும் டீசலைப் பற்றவைக்கிற அளவுக்குக் காயும்.

எந்த இணைப்பைத் தொட்டிருந்தாலும், வேலை முடிந்ததும் துணியால் நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொஞ்சம் தூவிவிடுங்கள். இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், கசிகிற இடத்தில் பவுடர் கரும்புள்ளியாக நனைந்து காட்டும். வெறும் கண்ணுக்குத் தெரியாத கசிவும் இதில் மாட்டிக்கொள்ளும். உறிஞ்சும் பகுதிக்கு இது பொருந்தாது, அதற்கு ஒரு ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் கைக்குமிழைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பரீட்சை, அதுவும் டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போது. லோடு ஏற்றின முதல் ஓட்டத்தில் பரமக்குடியில் டீக்கு நிறுத்தும்போது போனட்டைத் திறந்து இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள், சூட்டிலும் அதிர்விலும் புது வாஷர் கொஞ்சம் தணிந்திருக்கும். லேசாக ஈரம் தெரிந்தால், இன்ஜின் ஆறிய பிறகு, கால் சுற்றுக்கும் குறைவாக ஒருமுறை இறுக்கலாம். மதுரை போய்ச் சேர்ந்தும் ஈரம் இருந்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வாஷரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டியதுதான்.